வேரியபிளை அறிவித்தாயிற்று, அப்புறம் ஏன் நல்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. யூனிட்டி கேம் என்ஜினில், சி ஷார்ப் மொழியில் ஒரு பிளேயர் ஸ்கிரிப்ட். அதில் மேலேயே ரிஜிட்பாடி (பொருளை இயற்பியல் விதிப்படி அசைக்க அதில் ஒட்டும் பாகம்) வகையில் ஒரு வேரியபிளை அறிவித்திருக்கிறீர்கள். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் பிளேயர் குதிக்க வேண்டும். தட்டினால் கன்சோலில் சிவப்பாக நல்ரெஃபரன்ஸ்எக்செப்ஷன் (வேரியபிள் 'நல்', அதாவது வெறுமை, என்ற பிழை) வருகிறது. "இன்ட் வகையில் ஒன்றை அறிவித்தால் அப்படியே பயன்படுத்த முடிகிறதே, இதற்கு மட்டும் ஏன் முடியவில்லை? நியூ போட்டும் பார்த்துவிட்டேன், பிழை போகவில்லை. கடைசியில் கெட்கம்போனன்ட் போட்டதும் ஓடுகிறது. அப்படியென்றால் கெட்கம்போனன்ட்தான் இன்ஸ்டன்ஷியேட் செய்கிறதா, அதாவது பொருளை உருவாக்குகிறதா?"

இல்லை. கெட்கம்போனன்ட் எதையும் உருவாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கிற ஒன்றைத் தேடி, அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். பாடங்களில் அறிவிப்பது, உருவாக்குவது என்று இரண்டு வேலைகளைத்தான் சொல்லித் தருகிறார்கள். கேம் என்ஜினில் மூன்றாவதாக ஒன்று உண்டு: வேறு யாரோ உருவாக்கி வைத்ததைப் பிடித்து நம் வேரியபிளில் மாட்டுவது. ரிஜிட்பாடி, கொலைடர், கேமரா, ஆடியோசோர்ஸ் என்று எந்தக் கம்போனன்ட் (ஒட்டும் பாகம்) வேரியபிளை எடுத்தாலும் நாம் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலைதான். அதற்கென்று பாடத்தில் தனிப் பெயர் இல்லாததால், எல்லாவற்றையும் இன்ஸ்டன்ஷியேட் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

முதலில் அறிவிப்பைப் பார்ப்போம்.

ரிஜிட்பாடி உடல்;

(சி ஷார்ப்பில் வேரியபிளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் மறுக்காது. டீமில் இருப்பவர்கள் மறுப்பார்கள், அது வேறு கதை. இங்கே படிக்க வசதியாக அப்படியே எழுதுகிறேன்.)

இந்த வரி சொல்வது இவ்வளவுதான்: உடல் என்று ஒரு பெயர் இருக்கிறது, அதில் ஏதாவது ஒரு ரிஜிட்பாடியின் முகவரியை எழுதி வைக்கலாம். 64 பிட் இயந்திரத்தில் அதற்கு ஒதுக்கப்படும் இடம் 8 பைட். அந்த ரிஜிட்பாடியின் நிறை, வேகம், ஈர்ப்பு விசை அதைப் பாதிக்குமா பாதிக்காதா, எதுவும் அந்த 8 பைட்டுக்குள் இல்லை. அது முகவரி எழுதுகிற கட்டம் மட்டும்தான். கிளாஸின் ஃபீல்டாக அறிவித்தால் அந்தக் கட்டம் பூஜ்யங்களால் நிரம்பியிருக்கும். அதைத்தான் நல் என்கிறோம். போனில் ஒருவர் பெயரைச் சேமித்துவிட்டு நம்பரைப் போடாமல் விட்டதைப் போல. லிஸ்டில் பெயர் தெரியும், ஆனால் அழைக்க முடியாது.

இன்ட் அப்படியில்லை. அதன் 4 பைட்டிலேயே மதிப்பு குடியிருக்கிறது. அது பூஜ்யமாக இருந்தால் மதிப்பு 0, அதுவும் முறையான எண்தான். வெக்டர்3-யும் இதே இனம். அது கிளாஸ் இல்லை, ஸ்ட்ரக்ட். 4 பைட் ஃபுளோட்டுகள் மூன்று, மொத்தம் 12 பைட், எல்லாம் வேரியபிளின் உள்ளேயே. ஃபீல்டாக அறிவித்த உடனே அது பூஜ்யப் புள்ளி. நல் ஆக அதனால் முடியவே முடியாது. வெக்டர்3-க்கு முன்னால் நியூ போடும்போது மூன்று எண்களை நிரப்புகிறீர்கள். கிளாஸுக்கு முன்னால் நியூ போடும்போது ஹீப்பில் (நினைவகத்தின் ஒரு பகுதி) புதிதாக ஒரு பொருளை எழுப்பி அதன் முகவரியை வாங்குகிறீர்கள். இவ்வளவு வேறுபட்ட இரண்டு வேலைகளுக்கு மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு இன்றுவரை பிடிக்காத விஷயம். புதிதாக வருகிறவர்கள் வெக்டர்3-யில் பழகிய கையோடு ரிஜிட்பாடிக்கும் நியூ போடுவது அதனால்தான்.

ஃபீல்டுக்கும் லோக்கல் வேரியபிளுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மெத்தடுக்குள் அறிவித்து, மதிப்பு கொடுக்காமல் பயன்படுத்தினால் சி ஷார்ப் கம்பைலர் விடாது. சிஎஸ்0165 என்று பிழை காட்டி நிறுத்திவிடும். அதே வேரியபிளை கிளாஸின் மட்டத்தில் அறிவித்தால் பிழை எதுவும் காட்டாமல் விட்டுவிடுகிறது. காரணம் இருக்கிறது. மெத்தடுக்குள் வரிகள் எந்த வரிசையில் ஓடும் என்று கம்பைலருக்குத் தெரியும். கிளாஸில் எந்த மெத்தடை யார், எப்போது அழைப்பார்கள் என்று தெரியாது. யூனிட்டியில் அழைப்பது என்ஜின், கம்பைலருக்கு என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் ஃபீல்டில் நல் கிடந்தால் அது ஓடும்போதுதான் வெளியே வரும். நல் ரெஃபரன்ஸை 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-ல் ஒரு மாநாட்டு உரையில் அதைத் தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்று அவரே சொல்லிக்கொண்டார்.

சரி, நியூ போட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

யூனிட்டியின் உள்பகுதி சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. நீங்கள் சி ஷார்ப்பில் பார்க்கிற ரிஜிட்பாடி ஒரு மெல்லிய உறை. இயற்பியல் கணக்கில் கலந்துகொள்கிற அசல் பொருள் சி பிளஸ் பிளஸ் பக்கம் இருக்கிறது. உறைக்குள் அந்த அசலின் முகவரி ஒன்று இருக்கும். ஒரு கேம்ஆப்ஜெக்டில் (சீனில் உள்ள ஒரு பொருள்) கம்போனன்ட் சேர்க்கப்படும்போது என்ஜின் அசலை உருவாக்கி, எந்தக் கேம்ஆப்ஜெக்டுக்குச் சொந்தம் என்று பதிந்து, உறையோடு இணைக்கிறது. நீங்கள் நேரடியாக நியூ போட்டால் உறை மட்டும் பிறக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அது எந்தக் கேம்ஆப்ஜெக்டிலும் இல்லை, இயற்பியல் உலகத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன் மேல் விசையைக் கொடுக்கச் சொன்னால் மறுபடியும் பிழைதான். நீங்களே எழுதிய மோனோபிஹேவியர் கிளாஸுக்கு, அதாவது உங்கள் ஸ்கிரிப்டுக்கு, நியூ போட்டால், இப்படிச் செய்யக்கூடாது, ஆட்கம்போனன்ட் வழியாகத்தான் சேர்க்க வேண்டும் என்று யூனிட்டியே கன்சோலில் எச்சரிக்கிறது. அந்த மஞ்சள் வரியைப் பலரும் படிப்பதில்லை, சிவப்பு வரிக்குத்தான் மரியாதை.

கேம்ஆப்ஜெக்டுக்கு மட்டும் நியூ போடலாம். அது கம்போனன்ட் இல்லை, கம்போனன்ட்களைத் தாங்குகிற கொள்கலம். அதன் கன்ஸ்ட்ரக்டர் அசலையும் சேர்த்தே உருவாக்குகிறது, கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மும் (இடம், திசை, அளவு) வந்துவிடும். கம்போனன்ட் என்பது ஒருபோதும் தனியாக வாழாது, எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நியூவில் "எதில் ஒட்டுவது" என்று சொல்ல இடமே இல்லை.

உங்கள் பிளேயருக்கு ரிஜிட்பாடி எப்போது உருவானது? எடிட்டரில் ஆட் கம்போனன்ட் பட்டனை அழுத்தி நீங்களே சேர்த்தீர்கள். அது சீன் ஃபைலில் பதிவானது. கேம் ஓடும்போது சீன் ஏறுகிறது, என்ஜின் அந்தப் பதிவைப் படித்து அசல் ரிஜிட்பாடியை உருவாக்குகிறது. உங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே பொருள் தயார். பிரச்சினை பொருள் இல்லாதது அல்ல, அதன் முகவரி உங்கள் கட்டத்தில் இல்லாதது. கெட்கம்போனன்ட் போட்டதும் ஓடியது அதனால்தான்.

முகவரியைக் கட்டத்தில் எழுத முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, ஃபீல்டைப் பப்ளிக்காகவோ சீரியலைஸ்ஃபீல்டு குறியோடு பிரைவேட்டாகவோ வைத்து, எடிட்டரின் இன்ஸ்பெக்டர் பலகையில் தெரியும் கட்டத்தில் மவுஸால் இழுத்துப் போடுவது. இன்னொன்று, அவேக் மெத்தடுக்குள் (தொடக்கத்தில் என்ஜின் தானாக அழைப்பது) இப்படி எழுதுவது:

உடல் = கெட்கம்போனன்ட்<ரிஜிட்பாடி>();

ஒரே கேம்ஆப்ஜெக்டில் உள்ள கம்போனன்டுக்கு இரண்டாவது வழி போதும். வேறு ஆப்ஜெக்டில் உள்ளதற்கு முதல் வழியே மேல். பெயரை வைத்துத் தேடுகிற ஃபைண்ட் மெத்தடை நான் கூடியவரை தொடுவதில்லை, ஹையரார்க்கியில் (சீனில் உள்ள ஆப்ஜெக்ட்களின் பட்டியல்) யாராவது ஒரு எழுத்தை மாற்றினால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

அறிவிக்கும் வரியிலேயே சமன் குறி போட்டு கெட்கம்போனன்டை எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். சி ஷார்ப் விடாது, சிஎஸ்0236 வரும். ஃபீல்டுக்குத் தொடக்க மதிப்பு தரும் வரி ஓடும் நேரத்தில் அந்த ஆப்ஜெக்ட் முழுமையாகக் கட்டப்பட்டிருக்காது, எனவே அதன் சொந்த மெத்தடை அங்கே அழைக்கக்கூடாது. அதையே கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒளித்து எழுதினால் கம்பைலர் விட்டுவிடும், ஆனால் யூனிட்டி பிடித்துக்கொள்ளும்: கன்ஸ்ட்ரக்டரில் இதை அழைக்கக் கூடாது, அவேக்கிலோ ஸ்டார்ட்டிலோ அழை என்று செய்தி வரும்.

அவேக்கா, என்ஜின் அதற்குப் பின் அழைக்கும் ஸ்டார்ட்டா? நான் பின்பற்றுவது எளிமையானது. தன்னிடம் இருப்பதைப் பிடிக்க அவேக், மற்றவரிடம் கேட்க ஸ்டார்ட். வெவ்வேறு ஆப்ஜெக்ட்களின் அவேக் எந்த வரிசையில் ஓடும் என்று நம்ப முடியாது. உங்கள் அவேக் ஓடும்போது பக்கத்து ஆப்ஜெக்டின் அவேக் ஓடியிருக்கலாம், ஓடாமலும் இருக்கலாம். சீன் ஏறும்போது அதில் உள்ள எல்லா ஆப்ஜெக்ட்களின் அவேக்கும் முடிந்த பிறகே ஸ்டார்ட்கள் தொடங்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு: ஸ்கிரிப்டின் டிக்கை எடுத்து முடக்கி வைத்திருந்தாலும், கேம்ஆப்ஜெக்ட் இயக்கத்தில் இருந்தால் அவேக் ஓடிவிடும். ஸ்டார்ட் ஓடாது.

இனி, என்னை ஒரு முழு மாலை உட்கார வைத்த பிழை ஒன்று. நீங்களும் என்றாவது செய்வீர்கள், அதனால் கிட்டத்தில் காட்டுகிறேன். மேலே ஃபீல்டு இருக்கிறது:

ரிஜிட்பாடி உடல்;

கீழே அவேக்குக்குள் இந்த வரி:

ரிஜிட்பாடி உடல் = கெட்கம்போனன்ட்<ரிஜிட்பாடி>();

பார்த்தால் எல்லாம் சரி. கம்பைல் ஆகிறது. அவேக்குக்குள் லாக் போட்டுப் பார்த்தால் ரிஜிட்பாடி கிடைத்ததாகவே காட்டுகிறது. ஒவ்வொரு ஃபிரேமும் ஓடும் அப்டேட்டுக்குப் போனால் நல். நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன், சீனைப் பார்த்தேன், யூனிட்டியை மூடித் திறந்தேன். ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் நடுவில் அதை அழிக்கிறது என்று நினைத்து மற்ற ஸ்கிரிப்ட்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தேன். தவறு அந்த வரியின் முதல் சொல்லில் இருந்தது. வகையின் பெயரை மறுபடி எழுதியதால் அது மதிப்பு கொடுக்கிற வரியாக இல்லாமல் புதிய அறிவிப்பாகிவிட்டது. அதே பெயரில் ஒரு லோக்கல் வேரியபிள் பிறந்து, முகவரியை வாங்கிக்கொண்டு, அவேக்கின் கடைசி அடைப்புக்குறியோடு மறைந்துபோனது. மேலே இருந்த ஃபீல்டை யாரும் தொடவே இல்லை. சி ஷார்ப் இப்படி ஃபீல்டை லோக்கல் மறைப்பதைத் தவறாகக் கருதுவதில்லை. முதல் சொல்லை அழித்தேன், ஓடியது. அதிலிருந்து, அவேக்கில் நல் இல்லை ஆனால் அப்டேட்டில் நல் என்று யாராவது சொன்னால், முதலில் அவேக்கில் அந்த வரி வகைப் பெயரோடு தொடங்குகிறதா என்றுதான் பார்ப்பேன். 'வார்' போட்டுத் தொடங்கினாலும் அதே கதைதான்.

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது லிஸ்ட். எதிரிகளை வைக்க ஒரு லிஸ்டைப் பப்ளிக் ஃபீல்டாக அறிவிக்கிறீர்கள், நியூ போடவில்லை. ஆனாலும் ஆட் மெத்தட் ஒழுங்காக வேலை செய்கிறது. "லிஸ்டுக்கு நியூ தேவையில்லை" என்று மனதில் பதிந்துவிடுகிறது. சில வாரம் கழித்து, நிரலைச் சுத்தம் செய்யும் ஆசையில் அதைப் பிரைவேட்டாக மாற்றுகிறீர்கள். ஒரே ஒரு சொல்தான் மாறியது, உடனே நல்.

நடந்தது இது. இன்ஸ்பெக்டரில் தெரிகிற ஃபீல்டுகளை யூனிட்டியின் சீரியலைசர் (ஃபீல்டுகளின் மதிப்பைச் சேமித்து ஏற்றும் பகுதி) கவனித்துக்கொள்கிறது. லிஸ்ட், அரே, சீரியலைசபிள் என்று குறியிட்ட சாதாரண கிளாஸ் இவற்றில் ஃபீல்டு நல் ஆக இருந்தால் அது வெற்று ஒன்றை உருவாக்கி மாட்டிவிடும். இன்ஸ்டன்ஷியேட் செய்தது நீங்களும் இல்லை, மொழியும் இல்லை, என்ஜின் பக்கத்துக் கருவி ஒன்று சத்தமில்லாமல் செய்தது. பிரைவேட்டாக்கியதும் அந்த உதவி நின்றது. ரிஜிட்பாடி போன்ற கம்போனன்ட்களுக்கு இந்த உதவி கிடையாது, ஏனென்றால் அவற்றை எங்கே ஒட்டுவது என்று சீரியலைசருக்கும் தெரியாது. அங்கே வெற்றுக் கட்டம்தான் கிடைக்கும். அதனால் சாதாரண சி ஷார்ப் கிளாஸ்களுக்கு, லிஸ்ட், டிக்‌ஷனரி உட்பட, அறிவிக்கும் வரியிலேயே நியூ போட்டுவிடுங்கள். பப்ளிக்கோ பிரைவேட்டோ, பழக்கமாகவே போடுங்கள். என்ஜினின் கம்போனன்ட்களுக்கு ஒருபோதும் போடாதீர்கள்.

பழைய பாடங்களைப் பார்த்துக் கற்றால் இன்னொரு குழப்பமும் வரும். அவற்றில் எதையும் அறிவிக்காமல், கெட்கம்போனன்டும் போடாமல், சின்ன எழுத்தில் நேரே ரிஜிட்பாடி என்று எழுதி விசை கொடுத்திருப்பார்கள். அப்போது ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் அப்படிச் சில குறுக்குவழிகள் உள்ளேயே இருந்தன. 2015-ல் வந்த யூனிட்டி 5-ல் டிரான்ஸ்ஃபார்மைத் தவிர மற்றவற்றை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஃபீல்டுக்கு அதே சின்ன எழுத்துப் பெயரை வைத்தால், பழைய பெயர் ஒன்றை மறைக்கிறாய் என்று இன்றைக்கும் சிஎஸ்0108 எச்சரிக்கை வரலாம், பயப்பட ஒன்றுமில்லை.

பிழைச் செய்தியின் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடும், ஆனால் பலருக்கும் எல்லாம் ஒரே சிவப்பு. நல்ரெஃபரன்ஸ்எக்செப்ஷன் என்றால் கட்டத்தில் யாரும் எதையும் எழுதவில்லை. அன்அசைன்ட்ரெஃபரன்ஸ்எக்செப்ஷன் என்றால் இன்ஸ்பெக்டரில் கட்டம் இருக்கிறது, நீங்கள் இழுத்துப் போட மறந்துவிட்டீர்கள். மிஸ்ஸிங்கம்போனன்ட்எக்செப்ஷன் என்றால் கெட்கம்போனன்ட் போய்த் தேடியது, அந்த ஆப்ஜெக்டில் அப்படி ஒன்று ஒட்டப்படவே இல்லை. மிஸ்ஸிங்ரெஃபரன்ஸ்எக்செப்ஷன் என்றால் முகவரி சரியாகத்தான் இருந்தது, அங்கே இருந்ததை டிஸ்ட்ராய் செய்துவிட்டார்கள். இந்த நுணுக்கமெல்லாம் எடிட்டரில் ஓட்டும்போதுதான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பில்ட் செய்த கேமில் பெரும்பாலும் வெறும் நல்ரெஃபரன்ஸாகவே வந்து நிற்கும்.

நான்காவது வகையில் ஒரு பொறி உண்டு. டிஸ்ட்ராய் செய்த பின் அசல் போய்விடும், ஆனால் சி ஷார்ப் உறை உங்கள் வேரியபிளில் இன்னும் இருக்கும். அதை நல்லோடு இரட்டைச் சமன் குறியால் ஒப்பிட்டால் "ஆம், நல்தான்" என்கிறது யூனிட்டி, ஏனென்றால் அந்தக் குறியின் பொருளையே அது தனக்கேற்ப மாற்றி எழுதியிருக்கிறது. கேள்விக்குறி புள்ளி, இரட்டைக் கேள்விக்குறி போன்ற சி ஷார்ப் வசதிகள் அந்த மாற்றத்தை மதிப்பதில்லை. உறை இருப்பதை மட்டும் பார்த்து "நல் இல்லை" என்று உள்ளே போய் விழும். யூனிட்டி ஆப்ஜெக்ட்களில் அந்தச் சுருக்கெழுத்து வேண்டாம், பழைய இஃப் போதும். கம்போனன்ட் இருக்குமா என்றே சந்தேகம் என்றால், 2019.2 பதிப்பில் வந்த ட்ரைகெட்கம்போனன்ட் நல்ல வழி.

உண்மையிலேயே உருவாக்குவது எப்போது? ஓடிக்கொண்டிருக்கும் கேம்ஆப்ஜெக்டில் புதிய கம்போனன்டை ஒட்ட ஆட்கம்போனன்ட். பிரீஃபேபிலிருந்து (சேமித்து வைத்த மாதிரி ஆப்ஜெக்ட்) ஒரு நகல் எடுக்க இன்ஸ்டன்ஷியேட். இரண்டுமே உருவாக்கியதைக் கையில் திருப்பித் தருகின்றன, அதை வாங்கி வைக்க வேண்டும். ஆட்கம்போனன்டில் ஒன்றைக் கவனியுங்கள்: கேம்ஆப்ஜெக்ட் இயக்கத்தில் இருந்தால், அந்த அழைப்பு முடிந்து அடுத்த வரிக்கு வருவதற்குள் புதிய கம்போனன்டின் அவேக் ஓடி முடிந்திருக்கும். அடுத்த வரியில் அதன் ஃபீல்டுகளை நிரப்பி, அவேக் அவற்றைப் பார்க்கும் என்று எதிர்பார்த்தால் நடக்காது. ஸ்டார்ட் பார்க்கும்.

இன்ஸ்டன்ஷியேட்டில் நடக்கும் தவறு இது. குண்டு என்ற ஸ்கிரிப்ட் ஒட்டிய பிரீஃபேபை 'மாதிரி' என்ற ஃபீல்டில் இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சுடும்போது:

இன்ஸ்டன்ஷியேட்(மாதிரி);
மாதிரி.வேகம் = 20;

பிழை எதுவும் வராது. ஆனால் முதல் குண்டு பழைய வேகத்தில் போகும், இரண்டாவதிலிருந்து புதிய வேகம். மாதிரி என்ற வேரியபிள் சீனில் பறக்கும் குண்டைக் காட்டவில்லை, புராஜெக்டில் கிடக்கும் பிரீஃபேபைக் காட்டுகிறது. வேகத்தை மாற்றியது அச்சில், அச்சிலிருந்து வந்த பொருளில் அல்ல. எடிட்டரில் ஓட்டினால் பிளேயை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் பிரீஃபேபிலேயே தங்கிவிடும். சரியானது:

குண்டு புதியது = இன்ஸ்டன்ஷியேட்(மாதிரி);
புதியது.வேகம் = 20;

இங்கே அறிவிப்பு, உருவாக்கம், மாட்டுதல் மூன்றும் ஒரே வரியில் நடக்கின்றன. இன்னொன்று, மாதிரியின் வகை குண்டு என்ற ஸ்கிரிப்டாக இருந்தாலும் நகலாவது அந்த ஸ்கிரிப்ட் மட்டுமல்ல, அது ஒட்டியிருக்கும் முழு கேம்ஆப்ஜெக்டும், அதன் பிள்ளைகளும். திரும்பக் கிடைப்பது மட்டும் நகலில் உள்ள குண்டு ஸ்கிரிப்டின் முகவரி. வசதியான ஏற்பாடு, தனியாகக் கெட்கம்போனன்ட் போட வேண்டியதில்லை.

இதெல்லாம் யூனிட்டியின் பழக்கம். வேறு என்ஜினுக்குப் போனால் மூன்று வேலைகளும் அப்படியே இருக்கும், யார் எதைச் செய்வது என்பது மாறும்.

கோடோ என்ஜினில் நியூ போடுவது தப்பே இல்லை. ஸ்பிரைட்2டி வகைக்கு நியூ அழைத்தால் முழுமையான நோடு (கோடோ சீனின் அடிப்படை உறுப்பு) கிடைக்கும். ஆனால் அது சீன் மரத்தில் இல்லை, ஆட்சைல்டு அழைக்கும் வரை திரையில் தெரியாது. அழைக்க மறந்து, விடுவிக்கவும் மறந்தால் நினைவகத்தில் அனாதையாகக் கிடக்கும். சீனில் ஏற்கெனவே வைத்த நோடைப் பிடிக்க டாலர் குறியோடு அதன் பெயரை எழுதுகிறோம். அறிவிக்கும் வரியிலேயே அதை எழுதினால், பிள்ளை நோடுகள் வந்து சேர்வதற்கு முன்பே வரி ஓடி நல் கிடைக்கும். அதற்குத்தான் ஆன்ரெடி: "இந்தச் சமன் குறியின் வலது பக்கத்தை ரெடி நேரம் வரை தள்ளிவை" என்று பொருள். பிள்ளைகளின் ரெடி முதலில், பெற்றோரின் ரெடி பிறகு என்ற வரிசை உறுதி என்பதால் பிடிப்பது பாதுகாப்பானது. அறிவிப்புக்கும் மாட்டுதலுக்கும் இடையே நேர இடைவெளி இருக்கிறது என்பதை மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது யூனிட்டியின் ஏற்பாட்டைவிடப் பிடிக்கும். சீன் ஃபைலிலிருந்து நகல் எடுக்கும் மெத்தடுக்கு கோடோ 3-ல் இன்ஸ்டன்ஸ் என்று பெயர், 4-ல் இன்ஸ்டன்ஷியேட். பழைய நிரலை ஒட்டினால் இங்கே தடுக்கும்.

அன்ரியல் என்ஜினில் எல்லாம் சற்றுக் கறாரானது. சி பிளஸ் பிளஸ் ஹெட்டரில் கம்போனன்டுக்கு ஒரு பாயின்டரை அறிவிக்கிறோம். அதை உருவாக்குவது ஆக்டரின் (கேம்ஆப்ஜெக்டுக்கு அங்கே உள்ள இணை) கன்ஸ்ட்ரக்டரில், கிரியேட்டிஃபால்ட்சப்ஆப்ஜெக்ட் மூலம். யூனிட்டியில் கன்ஸ்ட்ரக்டரைத் தொடாதே என்கிறார்கள், இங்கே கன்ஸ்ட்ரக்டரில்தான் செய் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி வேலை செய்பவர்கள் பாவம். அதே அழைப்பைப் பிகின்பிளேயில் (கேம் தொடங்கும்போது ஓடும் மெத்தட்) போட்டால் என்ஜின் பிழை காட்டி விழுந்துவிடும். ஓடும்போது உருவாக்க நியூஆப்ஜெக்ட், அதன் பிறகு மறக்காமல் ரெஜிஸ்டர்கம்போனன்ட். பதிவு செய்யாத கம்போனன்ட் நினைவகத்தில் இருக்கும், உலகத்தில் இருக்காது. அறிவிக்கும் இடத்தில் யூபிராப்பர்ட்டி போடுவதும் அலங்காரத்துக்கு அல்ல. நியூஆப்ஜெக்டால் உருவாக்கிய ஒரு யூஆப்ஜெக்டை அந்தக் குறி இல்லாத வெறும் பாயின்டரில் மட்டும் வைத்திருந்தால், குப்பை சேகரிப்பான் கண்ணுக்கு அதை யாரும் வைத்திருப்பதாகத் தெரியாது. அழித்துவிடும். உங்கள் பாயின்டரில் பழைய முகவரி அப்படியே இருக்கும், நல் என்றுகூட ஆகாது. நல் வந்தாலாவது எங்கே என்று தெரியும். இது வேறெங்கோ, வேறெப்போதோ வெடிக்கும்.

உங்கள் ஸ்கிரிப்டுக்குத் திரும்பினால், செய்ய வேண்டியது குறைவுதான். நியூ போட்ட வரியை எடுத்துவிடுங்கள். அவேக்கில், வகைப் பெயர் இல்லாமல், ஃபீல்டுக்குக் கெட்கம்போனன்டைக் கொடுங்கள். அப்டேட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் கெட்கம்போனன்ட் போட்டாலும் ஓடும், ஆனால் ஒருமுறை வாங்கிய முகவரியை நொடிக்கு 60 முறை மறுபடி கேட்பதில் அர்த்தமில்லை. கிளாஸுக்கு மேலே ரிக்வயர்கம்போனன்ட் குறியைப் போட்டு ரிஜிட்பாடியைக் குறிப்பிட்டால், இனி இந்த ஸ்கிரிப்டை எதில் ஒட்டினாலும் ரிஜிட்பாடி கூடவே வந்துவிடும். இனிமேல் ஒட்டுவதற்கு மட்டும்தான் அது. ஏற்கெனவே ஒட்டியவற்றைத் திரும்பிப் போய்ச் சரிபார்க்காது.

இதற்குப் பிறகும் அதே சிவப்பு வரி வந்தால், பிளேயர் நன்றாகக் குதித்துக்கொண்டே பிழையும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், முன்பு எப்போதோ கை தவறி அந்த ஸ்கிரிப்டைத் தரையிலோ கேமராவிலோ இழுத்துப் போட்டிருப்பீர்கள், ரிஜிட்பாடி இல்லாத அந்த இரண்டாவது நகல்தான் கத்துகிறது. ஹையரார்க்கியின் தேடல் பெட்டியில் ஆங்கிலச் சின்ன டி, முக்காற்புள்ளி, அதை ஒட்டி ஸ்கிரிப்டின் பெயர் என்று தட்டினால் அது ஒட்டியிருக்கிற எல்லா ஆப்ஜெக்ட்களும் வரிசையாக வந்து நிற்கும்.